ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்றவள்

கட்சிக்காரர்கள் முதலில் வந்து கேட்டது பெரியவளைத்தான். அது அந்தத் தெருவுக்கே தெரியும். தெரு பிறகு அதை மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பது, தட்டச்சு செய்வது, சிறிய அச்சு வேலை எல்லாம் அங்கே நடக்கும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாள். எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்கவேண்டும் என்று வழி சொல்லி அனுப்புவாள். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, தெருவிளக்கு எரியாவிட்டாலும் சரி, ஆட்கள் முதலில் அவள் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஆகவே இந்தத் தடவை தொகுதியில் ஒரு பெண்ணை நிறுத்துவது என்று மேலிடம் முடிவு செய்ததும், வட்டாரச் செயலாளர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்கு வந்தார்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஆனால் கேட்டதும் தலையாட்டினால் அலைகிற மாதிரி இருக்குமே என்று தோன்றியது. "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? கடையைப் பாக்கவே நேரம் பத்தல. வேற நல்ல ஆளாப் பாருங்க" என்றாள். ஒரு பேச்சுக்குச் சொன்னது. இன்னொரு தடவை கேட்பார்கள், வற்புறுத்துவார்கள், வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்ப்பார்கள், அப்புறம் வேறு வழியில்லாமல் சரி என்று சொல்லலாம் என்பது அவள் கணக்கு.

செயலாளர் "ஓ, அப்படியா" என்றார். அப்போது சின்னவள் டீத் தட்டோடு வந்து நின்றாள். சின்னவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. மாடியில் குடித்தனம், கீழே பொதுச் சமையலறை. கொழுந்தன் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பவன். சின்னவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பாள்.

"நீங்க என்னம்மா பண்றீங்க?" என்று செயலாளர் கேட்டார்.

"டீச்சரா இருக்கேன்."

"உங்களுக்கு விருப்பமா?"

சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் சிரித்துக்கொண்டே, "கேக்குறாங்க பாரு, சொல்லு" என்றாள். இந்தப் பூனை எங்கே பால் குடிக்கப் போகிறது என்ற தைரியம்.

"விருப்பம்தான்" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். தேர்தல் வந்தது. பெரியவளும் ஓரகத்திக்காக வீடுவீடாகப் படி ஏறினாள். ஏறாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? சின்னவள் ஜெயித்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் மெம்பரம்மா ஆகிவிட்டாள். பெரியவள் மெம்பரம்மாவின் ஓரகத்தி ஆனாள்.

"குடுத்து வச்சவங்க நீங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். "வீட்டுக்குள்ளயே மெம்பர்."

"ஆமாமா" என்பாள் பெரியவள். அன்றைக்கு முழுக்க நகல் எடுக்கிற தாளெல்லாம் கோணலாக விழும்.

வீட்டில் அவள் கணவர் தண்ணீர் இலாகாவில் மீட்டர் கணக்கெடுப்பவர். பிறர் வீட்டு மீட்டரைப் பார்ப்பதுபோலவே சொந்த வீட்டிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவர். ஒருநாள் மட்டும் சொன்னார். "வேண்டாம்னு சொன்னது நீதானே?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னா அப்படியே எடுத்துக்கறதா?"

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

சின்னவள் பதவிக்கு வந்த புதிதில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினாள். மாதத்துக்கு ஒருமுறை ஒற்றைத் தாளில் இரண்டு பக்கமும் அச்சிட்டுத் தொகுதி முழுக்க வீடுவீடாகக் கொடுப்பது. ஒரு பக்கம் தொகுதிச் செய்தி, மறுபக்கம் சட்டசபைச் செய்தி. எந்த மசோதா வந்தது, தான் எப்படி ஓட்டுப் போட்டேன், ஏன் போட்டேன் என்றெல்லாம் ஒளிக்காமல் எழுதுவாள். நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதுவாள். "ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டாவது மருத்துவர் கேட்டேன். கிடைக்கவில்லை. மறுபடி கேட்பேன்." இப்படி. படிக்கிறவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இத்தனை காலமாக ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த தொகுதி அது.

அந்தத் தாளைத் தட்டச்சு செய்து அச்சடிப்பது பெரியவளின் கடையில். "அக்கா, வெளியில குடுக்க எனக்கு மனசு வரல. நீங்க இருக்கும்போது எதுக்கு?" என்று சின்னவள் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. மறுத்தால் வயிற்றெரிச்சல் என்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே மாதாமாதம் அவள் தன் கையாலேயே அதைத் தட்டினாள். "நான் பேசினேன்" என்று ஒரு வரி. "நான் வலியுறுத்தினேன்" என்று ஒரு வரி. ஒவ்வொரு "நான்" வரும்போதும், அந்த எழுத்தைத் தட்டுகிற விரல் நம்முடையதாக இருக்கிறதே என்று அவளுக்கு எரியும். இந்த 'நான்' எல்லாம் என் வாயில் வந்திருக்கவேண்டியது. மைக்கைப் பிடித்தால் நான் இவளைவிடப் பத்து மடங்கு நன்றாகப் பேசுவேன்.

அந்த மாதம் சட்டசபை நடந்துகொண்டிருந்தது. சின்னவள் தலைநகரில் இருந்தாள். தாளுக்கான விஷயத்தை உதவியாளர் மூலம் அனுப்பிவிட்டுப் போனில் பேசினாள்.

"அக்கா, இந்தத் தடவை நான் படிச்சுப் பாக்க முடியாது. நீங்க ஒருதரம் பாத்துட்டா போதும். அப்படியே அடிச்சுடுங்க."

பெரியவள் தட்ட உட்கார்ந்தாள். கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்ற மசோதா பற்றி முதலில் இருந்தது. சின்னவள் ஆதரித்துப் பேசியிருக்கிறாள். பிறகு தொகுதிச் செய்தி. மேல்நிலைத் தொட்டிக்கு வண்ணம் அடித்தாகிவிட்டது. பள்ளிக்கூடச் சுவர் பாதி நிற்கிறது. அதற்குக் கீழே பேருந்து.

அந்தப் பேருந்து பெரியவளின் சொந்த விஷயம் மாதிரி. காலை ஆறு மணிக்கு அவள் கடை எதிரில் வந்து நின்று, பாலத்து வழியாக பிஸ்கெட் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்க்கொண்டிருந்தது. பாலத்தைப் பழுது பார்க்கிறோம் என்று சுற்றுவழியில் விட்டார்கள். பாலம் சரியான பிறகும் பேருந்து திரும்பி வரவில்லை. பழைய மெம்பர் காலத்திலேயே கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தவள் பெரியவள். இப்போது சின்னவள் எழுதியிருந்தாள்: "ஆறு மணிப் பேருந்தைத் திரும்ப விடும்படி போக்குவரத்துக் கழகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன்."

மனுப் போட்டது யார் என்று ஒரு சொல் இல்லை. சரி, தொலையட்டும் என்று மேலே தட்டினாள். கடைசியில் நன்றி. அதில் அவள் இருந்தாள். "நான் வெளியில் உழைக்க முடிவது, வீட்டில் சமையலையும் மற்ற பொறுப்பையும் என் அக்கா பார்த்துக்கொள்வதால்தான். அவருக்கு என் நன்றி."

பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். சமையல். கடை வைத்திருப்பவள் இல்லை, ஊருக்கு மனு எழுதியவள் இல்லை, வேட்பாளராக முதலில் அழைக்கப்பட்டவள் இல்லை. சமையல்காரி. தொகுதி முழுக்க வீடுவீடாக இதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள். அதையும் நானே அச்சடிக்கவேண்டும்.

எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, பேருந்து வரியை அழித்தாள். அந்த இடத்தில் இப்படித் தட்டினாள்: "வரும் திங்கட்கிழமை முதல் ஆறு மணிப் பேருந்து மீண்டும் பாலத்து வழியாக ஓடும்."

சின்ன வரிதான். பார்க்க லட்சணமாக இருந்தது. திங்கட்கிழமை பேருந்து வராது. அன்றைக்குத் தெரியும், மெம்பரம்மாவின் வண்டவாளம்.

தாள் போய்ச் சேர்ந்ததும் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிஸ்கெட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், தெருமுனையில் பேசினால் தெருக்கோடியில் கேட்கிற குரல்காரி, கடை வாசலில் நின்றே கும்பிட்டாள். "உங்க ஓரகத்தி நல்லா இருக்கணும். இருட்டுல சுத்துவழி பஸ்ஸுக்கு நடந்து நடந்து கால் போயிடுச்சுக்கா." பெரியவளுக்கு ஒரு பக்கம் பகீரென்றது. இன்னொரு பக்கம், வராத பேருந்துக்கே இவளுக்கு இத்தனை கும்பிடா என்று எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னவள் ஊர் திரும்பினாள். கூடவே உதவியாளர் தாளும் கையுமாக வந்தார். சமையலறையில் பெரியவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது எப்படி வந்துதுன்னே தெரியல" என்றார் உதவியாளர். "டிப்போவுக்குப் போன் பண்ணினேன். அப்படி எதுவும் இல்லைங்கறாங்க. நான் அனுப்பினதுல இந்த வரி கிடையாது."

சின்னவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு பெரியவளின் கையைப் பார்த்தாள். கத்தி நின்றிருந்தது.

"அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? வந்ததைத்தான் தட்டினேன்" என்றாள் பெரியவள்.

பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கி, கணவரின் கண் தெரிந்து, மறுபடி மேலே போயிற்று.

சின்னவள் உதவியாளர் பக்கம் திரும்பினாள். "நான்தான் அக்காகிட்ட போன்ல சொன்னேன். கிடைச்சுடும்னு ஒரு நம்பிக்கையில சொல்லிட்டேன். அக்கா மேல தப்பில்ல. நீங்க முடிஞ்சவரைக்கும் நாலு பேருக்குச் சொல்லி, நாளைக்கு யாரும் வந்து காத்து நிக்காமப் பாத்துக்கங்க."

அவர் போனார். சின்னவள் நேராக மாடிக்குப் போனாள். திட்டியிருந்தால் பெரியவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திருப்பிச் சண்டை போட்டிருக்கலாம். இப்போது பாருங்கள், பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டது. பெரியவள் பீன்ஸை நறுக்கிய நறுக்கில் பலகை பிளந்திருக்கும்.

மறுநாள் விடியும்போதே பெரியவள் கடையைத் திறந்தாள். அந்த நேரத்தில் திறப்பது வழக்கமில்லை. கூட்டி முடித்து, கூட்டின இடத்தையே மறுபடி கூட்டிக்கொண்டு நின்றாள். எதிரே நிறுத்தத்தில் பெண்கள் சேர்ந்தார்கள். கையில் சாப்பாட்டுப் பை. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர்கள், தொழிற்சாலைக்காரர்கள். உதவியாளர் சொன்னது யாரையும் எட்டியதாகத் தெரியவில்லை. எல்லோரும் பாலத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. சுற்றுவழியில் போகும் பேருந்தைப் பிடிக்கவும் இனி முடியாது. தொழிற்சாலைக் கேட்டை மூடினால் அரை நாள் சம்பளம் போச்சு.

பேச்சு சத்தமாகிக்கொண்டிருந்தபோது தெருவில் சின்னவள் நடந்து வந்தாள். கார் இல்லை, கூட ஆள் இல்லை. பெரியவள் துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னம்மா இது?" என்று பேக்கிங்காரி ஆரம்பித்தாள். "தாள்ல போட்டீங்க. நம்பி வந்தோம். கேட்டை மூடிடுவான், உங்களுக்கென்ன?"

"ஓட்டு கேக்கும்போது மட்டும் பஸ்ஸு வருமா?" என்றாள் இன்னொருத்தி.

ஆளாளுக்குக் கத்தினார்கள். சின்னவளின் கை புடவைத் தலைப்பைத் தேடிற்று. பெரியவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. பொய் சொல்வானேன், இனிக்கத்தான் செய்தது.

சின்னவள் சொன்னாள்: "தப்பு என்னுதுதாங்க. உறுதி ஆகாததைச் சொல்லிட்டேன். உங்களை வந்து பாத்துச் சொல்லணும்னுதான் வந்தேன். மன்னிச்சுடுங்க."

குரல் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் சத்தம் அடங்கிற்று. ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், ஒத்துக்குது பாரு. இத்தனை மெம்பர் வந்தாங்க, எவன் வந்து மன்னிப்புக் கேட்டான்?" என்றாள். "அதுவும் தனியா வந்திருக்கு" என்றாள் அடுத்தவள். பேக்கிங்காரியின் முகம்கூட இளகிக்கொண்டு வந்தது.

பெரியவளால் அதைத் தாங்க முடியவில்லை. திட்டு வாங்க வைத்தால் அதிலும் இவள் நல்ல பெயர் எடுக்கிறாள். என் தப்பை எடுத்துக்கொண்டுபோய் அதிலேயே மாலை கட்டிப் போட்டுக்கொள்கிறாள். இதையும் இவளுக்கே விடுவதா?

"அவ ஒண்ணும் பண்ணல" என்று சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "அந்த வரியைப் போட்டது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். துடைப்பத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் சாலையைக் கடந்தாள்.

"அக்கா, வேண்டாம்" என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. பதில் வரலன்னுதான் அவ எழுதினா. ஓடும்னு மாத்தினது நான். ஏன் மாத்தினேன்னு கேக்காதீங்க, அது எங்க வீட்டு விஷயம். திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். நன்றாகவே திட்டினார்கள். பேக்கிங்காரி சொன்ன சிலதைத் தாளில் அச்சடிக்க முடியாது. பெரியவள் தலை குனியாமல் கேட்டுக்கொண்டாள். மூச்சு வாங்க அவர்கள் நிறுத்திய இடத்தில் சொன்னாள்.

"முடிஞ்சுதா? எப்படியும் அரை நாள் போச்சு. வீட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க? டிப்போ இங்கேருந்து நடக்கிற தூரம். வாங்க, எல்லாரும் போய் நிப்போம். மனு குடுத்தா மேசைக்கடியில போடுவான். ஆளை எங்க போடுவான்?"

யாரோ சிரித்தார்கள். யாரோ "சரிதானே" என்றார்கள். அவள் முன்னால் நடக்க ஆரம்பித்தாள். பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் போதுமாயிருந்தது.

டிப்போ மேலாளர் பல் குச்சியோடு வெளியே வந்தார். இத்தனை பெண்களையும் முன்னால் துடைப்பத்தோடு ஒருத்தியையும் பார்த்ததும் குச்சியை எடுத்துவிட்டார். "மேடம், நீங்கதான் மெம்பரா?" என்று பெரியவளிடம் கேட்டார்.

"நான் ஜெராக்ஸ் கடை" என்றாள் அவள். "மெம்பர் அங்க இருக்கா. முதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. பஸ் இருக்கா?"

"இருக்கு."

"பாலம் இருக்கு. டிரைவர் இருக்கார், அதோ டீ குடிக்கிறார். ஏற ஆள் இல்லன்னு சொல்லிடாதீங்க, கூட்டிக்கிட்டே வந்துட்டேன். அப்புறம் என்னதான் இல்ல?"

பெண்கள் சிரித்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநரும் சிரித்தார். மேலாளர், "ஆர்டர் இல்லம்மா" என்றார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சின்னவளின் குரல் கேட்டது. "ஆர்டர் நான் வாங்கித் தரேன். எழுத்துல என்ன வேணும்னு சொல்லுங்க." நல்ல வார்த்தைதான், அதுதான் காரியம் முடிக்கிற வார்த்தை. ஆனால் அதை யாரும் திரும்பிக் கேட்கவில்லை. எல்லோரும் பெரியவளைச் சுற்றி நின்றார்கள். பேக்கிங்காரி அவள் தோளில் கை போட்டு, "இந்த வாய் எங்கக்கா இருந்துது இத்தனை நாளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அப்போதுதான் திரும்பினாள். பெண்களின் தலைகளுக்கு நடுவே சின்னவளின் முகம் தெரிந்தது. உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. பெரியவளுக்கு அதை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. தேர்தல் முடிந்த நாள் முதல் தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் அவள் பார்த்துவந்த பார்வை அது.

சின்னவள் அன்றே தலைநகர் போனாள். துறை அமைச்சரின் அறை வாசலில் காத்துக்கிடந்தாள், சபையில் கேள்வி எழுப்பினாள். கொஞ்ச நாளில் ஆர்டர் வந்தது. ஆறு மணிப் பேருந்து, முதலில் சோதனைக்காக என்று சொல்லி, பாலத்து வழியாக ஓடத் தொடங்கியது. ஏறும்போது பெண்கள் ஜெராக்ஸ் கடைப் பக்கம் கையாட்டிவிட்டு ஏறினார்கள். பூட்டின கடைக்குத்தான் ஆட்டினார்கள். அந்த நேரத்தில் எழுந்து வருகிற ஆள் இல்லை பெரியவள்.

அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சின்னவள் "அக்கா, உப்பு" என்பாள். பெரியவள் எடுத்துக் கொடுப்பாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று பெரியவள் சில நாள் காத்திருந்தாள், பிறகு காத்திருக்கவில்லை.

மாதம் முடிந்து தாளுக்கான விஷயம் வந்தது. வெளி அச்சகத்துக்குப் போகும் என்று நினைத்திருந்தாள். கடைக்கே வந்தது. நாற்காலி மசோதா நிறைவேறியிருந்தது. பள்ளிக்கூடச் சுவர் இன்னும் பாதியில் நின்றது. பேருந்து பற்றி இப்படி இருந்தது: "என் தொடர்ந்த முயற்சியால் ஆறு மணிப் பேருந்து மீண்டும் ஓடுகிறது." அவ்வளவுதான். டிப்போ இல்லை, பெண்கள் இல்லை, அவள் இல்லை. நன்றிப் பகுதியே இந்த மாதம் இல்லை.

நடக்காததை நடக்கவில்லை என்று எழுதுகிறவள். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள். அவளுக்கு இந்த ஒரு வரி எழுத எத்தனை தடவை பேனா நின்றிருக்கும் என்று பெரியவள் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் சமையலறையில் சின்னவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இந்தத் தடவை விஷயம் நிறைய. எல்லாத்தையும் போட இடம் பத்தல."

"பத்தாதுதான்" என்றாள் பெரியவள். "ஒத்தைத் தாள்தானே."

"எதையாவது மாத்தணுமாக்கா?"

"எதுக்கு மாத்தணும்? நல்லாத்தான் இருக்கு."

சின்னவள் ஒரே தட்டை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள். பெரியவள் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அந்த வரியை, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், நிதானமாகத் தட்டினாள்.